கணப்பின் கணக்கு

செமஸ்டர், புராஜெக்ட் என்று இரண்டு மாதமாக இந்தப் பக்கமே வர முடியவில்லை. இடையில் "அடுத்த கட்டுரை எப்போது?" என்று கேட்ட இரண்டு நல்ல உள்ளங்களுக்கும் நன்றி. (ஆமாம், இரண்டே பேர்தான் கேட்டார்கள் :-) )

இந்தத் தடவை தலைப்பு எங்கள் வீட்டிலிருந்தே கிடைத்தது. கோவையில் என் பெரியப்பா புது வீடு கட்டிக் கொண்டிருக்கிறார். போன மாதம் இன்டீரியர் டிசைனர் ஹாலுக்கு நான்கைந்து மாடல் படங்கள் அனுப்பினார். எல்லாவற்றிலும் சுவரின் நடுவில் ஒரு ஃபயர்பிளேஸ்! ஒன்றில் வெள்ளைப் பளிங்கு, ஒன்றில் கருங்கல், ஒன்றில் டி.வி.க்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் தீ. ஊட்டியில் ஒரு பழைய பங்களாவில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து பெரியப்பாவுக்கு இந்த ஆசை. படத்தைப் பார்த்த பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏனுங்க, இதுல விழுகற சாம்பல தெனமும் யாருங்க அள்ளறது?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் பிறகு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, கணப்பின் மொத்த வரலாறும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று. (ஃபயர்பிளேஸுக்கு 'கணப்பு' என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. இனி அதையே பயன்படுத்துகிறேன்.)

கூடத்தின் நடுவில் எரிந்த தீ

கணப்பு என்றதும் நாம் நினைக்கும் படம், சுவரில் ஒரு மாடம், அதற்கு மேலே புகைபோக்கி. ஆனால் இங்கிலாந்தில் இடைக்கால வீடுகளில் தீ சுவரில் இல்லை, கூடத்தின் நடுத்தரையில் எரிந்தது. புகை மேலே எழும்பி, கூரையில் விட்டிருக்கும் திறப்பு வழியாக மெதுவாக வெளியேறும். கென்ட் மாவட்டத்தில் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ் என்ற மாளிகையில் 1341இல் கட்டிய கூடம் இன்றும் நிற்கிறது. தரை நடுவில் அந்தத் தீமேடையையும் பார்க்கலாம். எஜமானும் வேலையாளும் ஒரே தீயைச் சுற்றித்தான் இருந்தார்கள், ஒரே புகையில்தான் இருமினார்கள்!

லத்தீன் மொழியில் தீ எரியும் இந்த இடத்துக்குப் பெயர் 'ஃபோகஸ்'. நாம் கேமராவுக்கும் படிப்புக்கும் சொல்கிறோமே, அதே ஃபோகஸ்தான். 1604இல் கெப்ளர் ஒளியியலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வீட்டில் எல்லோர் கண்ணும் எங்கே போகுமோ, அதுதான் ஃபோகஸ்.

16ஆம் நூற்றாண்டில்தான் புகைபோக்கி சாதாரண வீடுகளுக்கும் பரவியது. வில்லியம் ஹாரிசன் என்ற எசெக்ஸ் பாதிரியார் 1577இல் வெளியான தன் நூலில், தன் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் வந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாக, பெருகிவிட்ட புகைபோக்கிகளைச் சொன்னதாக எழுதியிருக்கிறார். புகைபோக்கி வந்ததும் கூடத்துக்கு மேலே மாடி கட்ட முடிந்தது, அறைக்கு ஒரு தீ வைக்க முடிந்தது. எஜமான் தனி அறைக்குப் போனார், வேலையாள் வேறு இடத்துக்குப் போனார். 'வரவேற்பறை' என்ற தனி அறை உருவாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுப்புக்கு வரி

காமர்ஸ் மாணவனுக்குப் பிடித்த பகுதி இதுதான். 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பி வந்தபோது, அவருக்கு ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டு வருமானம் என்று நாடாளுமன்றம் மதிப்பிட்டது. வசூல் அந்த அளவுக்கு வரவில்லை. பற்றாக்குறையைச் சமாளிக்க 1662இல் ஒரு புது வரி போட்டார்கள்: வீட்டில் உள்ள ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங், இரண்டு தவணையில். அந்தக் காலத்துக் கூலியாளுக்கு இது இரண்டு மூன்று நாள் கூலி. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு.

யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான வரிதான். வருமானத்தை மறைக்கலாம், புகைபோக்கியை மறைக்க முடியுமா? அதிகக் கணப்பு இருந்தால் அதிகப் பணக்காரன், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் எண்ணுவதற்கு அதிகாரி வீட்டுக்குள் வர வேண்டும். முன்பின் தெரியாத ஆள் சமையலறை, படுக்கையறை எல்லாம் நுழைந்து பார்ப்பதை யார்தான் விரும்புவார்கள்? சிலர் கணப்பை அடைத்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் சர்ச்சில் என்ற ஊரில் ரொட்டி சுடும் பெண் ஒருவர், வரியை மிச்சம் பிடிக்க, சுவரை உடைத்துத் தன் அடுப்பைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியோடு இணைத்ததாகச் சொல்லப்படுகிறது. 1684இல் அங்கே பிடித்த தீயில் 20 வீடுகள் எரிந்தன, நான்கு பேர் இறந்தார்கள்.

1689இல் மூன்றாம் வில்லியமும் மேரியும் ஆட்சிக்கு வந்தவுடன் இந்த வரியை ஒழித்தார்கள். ஆனால் அரசாங்கம் சும்மா இருக்குமா? 1696இல் ஜன்னல் வரி வந்தது. ஜன்னலைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம் அல்லவா! அது 1851 வரை நீடித்தது.

நிலக்கரியும் வரவேற்பறையும்

இதற்கிடையில் எரிபொருளே மாறிவிட்டது. லண்டன் வளர வளர விறகு விலை ஏறியது. நியூகாசிலிலிருந்து கப்பலில் நிலக்கரி வந்தது. நிலக்கரிக்குப் பெரிய மாடம் தேவையில்லை, இரும்புத் தட்டி போட்ட சின்னக் கணப்பு போதும். அதனால் கணப்பு சிறுத்தது, புகைபோக்கியும் குறுகியது. அறைக்கொரு குழாய் என்று சுவருக்குள்ளே வளைந்து வளைந்து ஓடியது.

சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகப் போனது. 1796இல் இதற்கு ஒரு தீர்வு எழுதியவர் ரம்ஃபோர்டு பிரபு. இயற்பெயர் பெஞ்சமின் தாம்ப்சன், அமெரிக்காவில் பிறந்தவர். கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்வாக வெளிப்பக்கம் விரி, மேலே தொண்டைப் பகுதியைக் குறுக்கு என்றார். சூடு அறைக்குள் திரும்பியது, புகை ஒழுங்காக மேலே போனது. இன்று டிசைன் படங்களில் பார்க்கிறோமே, உள்ளே குறுகி வெளியே விரியும் அந்த வடிவத்தை, அது வெறும் அழகுக்கு வந்ததில்லை.

அறையின் மற்ற ஏற்பாடுகளும் இதைச் சுற்றியே வந்தன. மேலே ஒரு பலகை, அதில் கடிகாரம், அதற்கு மேலே கண்ணாடி, முன்னால் தணல் உருண்டு வராமல் இரும்புத் தடுப்பு, சுற்றி அரைவட்டமாக நாற்காலிகள். இன்று தீ இருந்த இடத்தில் டி.வி. உட்கார்ந்துவிட்டது. சோபா மட்டும் அப்படியே அதைப் பார்த்துக் கொண்டிருக்கிறது!

சாம்பலை அள்ளியது யார்?

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நிலக்கரிப் புகை குழாயில் கரியாகப் படியும். சுத்தம் செய்யாவிட்டால் அந்தக் கரியே தீப்பிடிக்கும். குழாய் வளைந்திருப்பதால் சாதாரணத் துடைப்பம் போகாது. பெரிய ஆளும் நுழைய முடியாது. சில குழாய்கள் 9 அங்குலச் சதுரம்தான். ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்.

யார் நுழைந்தார்கள்? குழந்தைகள். ஐந்து ஆறு வயதுச் சிறுவர்கள். அனாதைகளையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் 'தொழில் பழக' என்று அனுப்பிவிடுவார்கள். முழங்காலையும் முழங்கையையும் சுவரில் ஊன்றி ஏற வேண்டும். தோல் உரிந்து ரத்தம் வரும். தோல் தடிக்க வேண்டும் என்று உப்புநீர் போட்டுத் தேய்ப்பார்களாம். இரவில் கரி மூட்டையே படுக்கை. அந்தக் கரியை முதலாளி விவசாயிகளுக்கு உரமாக விற்றுக் காசு பார்ப்பார். பையனுக்குச் சோறு கிடைத்தால் பெரிது. 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கித் தொழிலாளர்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

என்னை மிகவும் உறுத்தியது அடுத்து வருவதுதான். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை! 1803இலேயே ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் கம்பு கம்பாக இணைத்து மேலே தள்ளும் துடைப்பக் கருவியைச் செய்துவிட்டார். ஆனால் வீட்டுக்காரர்களுக்குக் கம்பளம் அழுக்காகும் என்று பயம். வளைந்த குழாய்களைச் சரிசெய்யச் செலவாகும் என்று தயக்கம். 1819இல் பையன்களை ஏற்றக் கூடாது என்று வந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. 1840இல் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறக்கூடாது என்று சட்டமே வந்தது, யாரும் மதிக்கவில்லை.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவனைக் குழாய்க்குள் ஏற்றினார்கள். பதினோரு பன்னிரண்டு வயதுதான். உள்ளே சிக்கிக் கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். சிறிது நேரத்தில் இறந்துவிட்டான். அவனை அனுப்பிய முதலாளிக்கு ஆறு மாதக் கடுங்காவல். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இந்தச் சம்பவத்தை வைத்துப் போராடி, அதே ஆண்டு புதுச் சட்டம் கொண்டுவந்தார். தொழில் செய்யப் போலீஸில் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றானது. அதன் பிறகுதான் இந்தக் கொடுமை நின்றது.

கருவி வந்தது 1803, வழக்கம் நின்றது 1875. 72 வருடம். காரணம், பையன் கருவியை விட மலிவு. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் 'செலவைக் குறைப்பது எப்படி' என்று படிக்கும்போதெல்லாம் இனி எனக்கு இந்த 72 நினைவுக்கு வரும்.

புகை எங்கே போனது?

1945 டிசம்பரில் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு பத்திரிகையில் கணப்புத் தீக்கு ஆதரவாக எழுதினார். குடும்பத்தை ஒன்றாக உட்கார வைப்பது அதுதான் என்பது அவர் வாதம். அறைக்குள்ளே உட்கார்ந்து பார்த்தால் அது சரிதான். ஆனால் லண்டனில் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான கணப்புகள் எரிந்தால்?

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அதற்குப் பதில் கிடைத்தது. கடுங்குளிர், காற்று அசையவில்லை. போருக்குப் பிந்தைய கடன் நெருக்கடியில் நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குப் போக, வீடுகளுக்கு மட்டமான கரிதான் கிடைத்தது. வீட்டுப் புகையும் ஆலைப் புகையும் பனியோடு கலந்து ஊரை மூடின. எதிரே வரும் ஆள் தெரியவில்லை, பஸ்கள் நின்றன. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையில்லா எரிபொருளுக்கு மாற ஆகும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்தே கொடுத்தார்கள். வீடுகளுக்கான சாதாரண நிலக்கரி விற்பனை இங்கிலாந்தில் முழுவதுமாக நின்றது 2023 மே மாதம்தான்!

நம் மலையில்

பெரியப்பா பார்த்த ஊட்டி பங்களாவுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது. 1820களில் ஆங்கிலேயர்கள் நீலகிரியில் குடியேறி, தங்கள் ஊர் மாதிரியே கணப்பு வைத்து வீடு கட்டினார்கள். விறகுக்குச் சோலைக்காடுகளை வெட்டினார்கள். காடு குறையத் தொடங்கியதும், சீக்கிரம் வளரும் மரமாக ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் வாட்டிலையும் 1840களில் கொண்டுவந்தார்கள். உள்ளூரில் கற்பூர மரம், சீகை மரம் என்பார்கள். சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கிறோமே நீலகிரித் தைலம், அது இந்தக் கற்பூர மரத்திலிருந்து வருவதுதான். பின்னாளில் இந்த மரங்கள் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கின. சீகையை அகற்றுவது பற்றி நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. கணப்பில் தீ அணைந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் அதற்காக நட்ட மரம் இன்னும் மலையில் நிற்கிறது.

அக்கவுண்ட்ஸில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. கணப்பும் அப்படித்தான். அறைக்குள் இருந்தவர்களுக்குச் சூடு கிடைத்தது. செலவு அறைக்கு வெளியே இருந்தவர்கள் பேரில் எழுதப்பட்டது: குழாய்க்குள் ஏறிய பையன், தெருவில் மூச்சுத் திணறிய கிழவர், நீலகிரிச் சோலை. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் பெரியப்பா வீட்டில் என்ன முடிவு என்கிறீர்களா? "எலக்ட்ரிக் மாடல்தான், சாம்பலே வராது" என்று பெரியப்பா சமாதானம் சொன்னார். பெரியம்மா விடவில்லை. "கோயமுத்தூர் வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்றார். அந்தச் சுவரில் இப்போது புத்தக அலமாரி வரப்போகிறது. எனக்கு ஒரு தட்டு தருவதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் அழகுக்காக வைத்திருக்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அதைச் சுத்தம் செய்தது யார், அதற்கு விலை கொடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!