உப்பும் கரியும் பல்பொடியும்

மரக்காணம் உப்பளக் கரையில் குழந்தைகளின் பல், மிகச் சமீபகாலம் வரை அடுப்படியின் பொறுப்பாகவே இருந்தது. இந்தக் கரையின் தென்பகுதியில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருப்பது கூனிமேடு. 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டை கைக்கு வந்தபின் கம்பெனியின் கவனம் கடலூர்ப் பக்கம் போய்விட்டது. கம்பெனி போனாலும் உப்புத் தொழில் நிலைத்தது. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் மரக்காணம் அளங்களின் உப்பு, பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்குப் படகில் ஏறியது.

பல் விளக்கத் தேவையான எல்லாமே வாசலைத் தாண்டாமல் கிடைத்தன. அடுப்புக்கரி, உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள், கல்லுப்பு. குப்பத்தில் என்றால் கடல்மணலும் உண்டு. உமியைக் கருக்கி, உப்புச் சேர்த்து, அம்மியில் அரைத்து ஒரு தகரத்தில் வைத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தாயோ ஆயாவோ ஆள்காட்டி விரலில் பொடியைத் தொட்டு, மறுகையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஈறுவரை தேய்த்துவிடுவார்கள். நாலைந்து வயதானதும் அது பிள்ளையின் வேலையாகிவிடும். கரி அழுக்கை எடுத்தது உண்மைதான். கூடவே பல்லின் மேற்பூச்சையும் எடுத்தது. செங்கல் தூளும் மணலும் இன்னும் மோசம். வயதானவர்களின் பற்கள் ஈறோரம் பள்ளம் விழுந்து கூசுவதற்கு இந்தப் பொடிகளுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கலவையில் விலையுள்ள பொருள் உப்பு ஒன்றுதான், அதுவும் உப்பு விளையும் ஊரில். சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் ஏகபோகமானது. 1889ஆம் ஆண்டு சென்னை உப்புச் சட்டத்தின்படி, உரிமமின்றி உப்பு எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். அளத்தில் வாரிக் குவித்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் வரி கட்டிய உப்புத்தான் சட்டப்படியான உப்பு. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறைபோனது இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். வரி நீங்கியது 1947இல்.

குச்சிக்கு வரி இல்லை. வேப்பங்குச்சி, வேலங்குச்சி, ஆலம்விழுது ஆகிய மூன்றும் தமிழ்நாடு முழுவதும் வழங்கியவை. முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழும் கூனிமேடு போன்ற ஊர்களில் மிஸ்வாக் குச்சியும் சேர்ந்துகொண்டது. தொழுகைக்கு முன் வாய் சுத்தம் செய்வது நபிவழி என்பதால் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே அதைப் பழகினார்கள். மிஸ்வாக் தரும் உகாய் மரம் உவர்நிலத்தில் வளரக்கூடியது. தமிழகக் கடலோரத்திலும் உண்டு. பல்துலக்கும் வேலையை வணக்கத்தோடு கோர்த்துவிட்டால் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை என்பது இந்த வழக்கத்தின் பெரிய பலம்.

பால்பல்லுக்குத் தனிச் சடங்கு இருந்தது. விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் பொதித்துக் கூரைமேல் எறிவார்கள். யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்தவுடன் குழந்தையின் தலையில் பல்லுக் கொழுக்கட்டை சொரிவார்கள். முளைத்ததையும் விழுந்ததையும் கொண்டாடியவர்கள் நடுவில் அது சொத்தையானதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘விழப்போற பல்லுதானே’ என்ற சமாதானம் கரியைவிட அதிகக் கேடு செய்தது. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைவாயில் முளைக்கும் முதல் நிரந்தரப் பல்லையும் பால்பல் என்றே வீடுகள் எண்ணின. அது சொத்தையானால் மறுபல் கிடையாது. வலி வந்தால் கிராம்பு, உப்புநீர்க் கொப்பளிப்பு. அதற்கும் அடங்காவிட்டால் கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்து, பல்லில் இருக்கும் பூச்சி விழுந்துவிட்டது என்று தேறுதல் சொன்னார்கள். பூச்சி என்று ஒன்று அங்கே இருந்ததேயில்லை.

கடைப் பல்பொடி இந்த ஒழுங்கை மாற்றியது. 1913இல் நஞ்சன்கூட்டில் தொடங்கிய சத்வைத்தியசாலையின் பல்பொடி தென்னிந்தியா முழுதும் பேர்பெற்றது. பிறகு வந்த ரோஸ் நிறப் பொடிகளில் கோபால் பல்பொடிக்கு இலங்கை வானொலி விளம்பரம் கடல்கடந்தும் பெயர் வாங்கித் தந்தது. இனிப்பான பொடியைப் பிள்ளைகள் பல்லில் தேய்த்ததைவிட நக்கித் தின்றதே அதிகம் என்பது அக்காலத் தாய்மாரின் பொதுப்புகார். எம்.ஜி.ஆர். அரசு 1982 ஜூலை 1 அன்று கிராமங்களில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பற்பொடியும் தரப்பட்டது. விடியுமுன்பே தாய் தகப்பன் அளத்துக்குப் போய்விடும் வீடுகளுக்கு இது சிறு உதவியல்ல. சீருடை, செருப்பு, பாடநூல் என்று இலவசங்களைப் பட்டியலிடுவோர் பற்பொடியைச் சிரிப்போடு கடந்துபோவது வழக்கம். குழந்தையின் பல்லை அரசு தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது அப்போதுதான் என்பதை அந்தச் சிரிப்பு மறைத்துவிடுகிறது. சந்தையிலிருந்த சில பற்பொடிகளில் புகையிலையும் கலந்திருந்தது. 1992இல்தான் மைய அரசு அதைத் தடைசெய்தது.

பொடியோடு பிஸ்கட்டும் மிட்டாயும் வந்தன. 2002-03இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், இந்தியாவின் ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் சொத்தைப்பல் இருந்தது. சுவிட்சர்லாந்து 1955 முதல் சமையல் உப்பிலேயே ஃபுளோரைடு கலந்து சொத்தையைக் குறைத்தது. உப்பு விளையும் தமிழ்நாட்டில் அந்த வழி எடுபடாது. தருமபுரி, சேலம் பக்கங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பல் கறைபடுகிறது. இந்தியாவில் ஃபுளோரைடு மிகுதியால் வரும் நோய் முதலில் பதிவானதும் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில்தான். ஆகவே இங்கே உப்பில் அயோடின் சேர்ந்தது, ஃபுளோரைடு சேரவில்லை. அந்த வேலை பற்பசைக்கு விடப்பட்டது.

பற்பசை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துவரவில்லை. ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவர் லியோ கானர் 1943இல் விவரிக்கும் முன்பும் அத்தகைய பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ‘பேச்சு வராத பிள்ளை’ என்ற பேரோடு வளர்ந்தார்கள். அவர்களில் பலருக்குப் புதினாவின் காரம், நுரை, பிரஷின் முடி ஆகியவை தாங்க முடியாத தொல்லை. வாயைத் திறக்க மறுப்பது அடமல்ல, புலன்களின் மறுப்பு. பழகிய ஒரே விரல், ஒரே நேரம், ஒரே திண்ணை என்றிருந்த பழைய முறை சிலருக்கு இதமாக இருந்திருக்கக்கூடும். சொரசொரத்த கரி வேறு சிலருக்குக் கொடுமையாக இருந்திருக்கும். மென்மையான ஒருசில உணவையே திரும்பத் திரும்பக் கேட்பதும், சமாதானத்துக்கு இனிப்புக் கொடுப்பதும் சொத்தையை வளர்க்கும்.

பல்நோயோடு வறுமையும் கூடினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் நிலை காட்டுகிறது. 2007இல் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், பல்லில் தொடங்கிய சீழ் மூளைக்குப் பரவி இறந்தான். ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை ஏற்கும் பல் மருத்துவர் எளிதில் கிடைக்காததே அந்தக் குடும்பத்தின் சிக்கல். 2009இல் குழந்தைகள் காப்பீட்டுச் சட்டத்தில் பல் சிகிச்சை கட்டாயமானதில் அந்த மரணத்துக்குப் பங்கு உண்டு. அத்தகைய வீட்டில் ஆட்டிசமுள்ள பிள்ளையும் இருந்தால், காப்பீட்டை ஏற்பதோடு அந்தப் பிள்ளையைக் கையாளவும் தெரிந்த மருத்துவரைத் தேட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் விளக்கைக் குறைத்து, மெல்லிய இசை வைத்து, உடலை இதமாக அழுத்தும் போர்வை சுற்றிப் பல் சுத்தம் செய்தபோது ஆட்டிசமுள்ள குழந்தைகளின் பதற்றம் குறைந்ததாக 2023இல் ஆய்வு வெளியானது.

மரக்காணம் கரையில் பல், ஆட்டிசம் என்ற இரண்டு கவலையும் ஒரே தாளில் சேர்ந்தது 2013க்குப் பிறகு. அந்த ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவின் பட்டியலில் பல் நோயும் உண்டு, ஆட்டிசமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி வகையாக ஏற்றது. சிகிச்சைக்குக் கூனிமேட்டுக் குடும்பங்களுக்குத் தெற்கே புதுச்சேரியின் பல் மருத்துவக் கல்லூரிகளும், மேற்கே முண்டியம்பாக்கத்தில் 2010இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே முட்டுக்காட்டில் இருக்கிறது. எங்கே போனாலும் ஒரு நாள் கூலி போகும். தை முதல் புரட்டாசி வரை அளத்து வேலை நடக்கும் மாதங்களில் தள்ளிப்போட்ட பல்வலியைக் காட்ட, மழை இறங்கி அளம் மூழ்கிய பிறகுதான் நேரம் வாய்க்கிறது. அப்போது கையில் காசு இருப்பதில்லை.