பழைய கணினியும் அம்மாவின் கடிதங்களும்

"அப்பா, இந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 11 ஏறாது. புதுசு வாங்கிடலாம்" என்றான் மகன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டதாம்.

எனக்கு 2014 நினைவுக்கு வந்தது. அந்த ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்பிக்கும் இதே கதிதான். அப்போது தமிழக அரசு தன் அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்தது 'பாஸ் லினக்ஸ்'. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, இலவசம், தமிழிலும் இயங்கும்.

என் கவலை வேறு. அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த கடிதங்கள் அதில் இருக்கின்றன. எல்லாம் 'டாப்' குறியீட்டில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த குறியீடு அது. 2010-இல் அரசு யூனிகோடுக்கு மாறியது, நான் மாறவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மாவின் பேச்சு வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்தேன். பிறகுதான் மகனிடம், "இப்ப லினக்ஸ் போடுப்பா" என்றேன்.

ஒரகடம் தொழிற்சாலைகளில் இயந்திரத்தை மாற்றுகிறவர்கள் வல்லக்கோட்டையில் எத்தனையோ பேர். எழுத்தை மட்டும் நாமேதான் மாற்றி வைக்க வேண்டும். உங்களிடமும் பழைய கோப்பு இருந்தால், இன்றே திறந்து பாருங்கள்.