தேவை ஈன்ற அழகு

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிச் சேர்ப்போரிடையே நெடுநாளாக நிலவும் வழக்கொன்று உண்டு. ஜேர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். சிறந்ததா, இங்கிலாந்தின் ஜாகுவார் ஈ-டைப் சிறந்ததா என்பதே அது. தீர்ப்புக் கூறுமுன் இவ்விரண்டின் பிறப்பையும் நோக்குதல் தகும்.

1952 ஆம் ஆண்டிலே மெர்சிடிஸ் நிறுவனம் பந்தயக் காரொன்றை அமைத்தது. பெரிய காரொன்றின் எஞ்சினையே அதற்குப் பயன்படுத்த நேர்ந்தமையால், பிறவிடங்களிற் பாரத்தைக் குறைத்தல் அவசியமாயிற்று. ருடொல்ஃப் ஊலன்ஹவுட் என்னும் பொறியியலாளர் மெல்லிய உருக்குக் குழாய்களைப் பிணைத்துச் சட்டம் சமைத்தார். வலிமைக்காக அச்சட்டம் இருமருங்கும் உயர்ந்து நின்றது. வழக்கமான கதவுக்கு அங்கே இடமில்லை. ஆகவே கதவுகள் கூரையிற் பொருத்தப்பட்டு மேனோக்கித் திறந்தன. பறவை சிறகு விரித்தாற்போன்ற அக்கோலத்தை ஈன்றது தேவையேயாம். அவ்வாண்டே அக்கார் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் வென்றது. அதன் வழிவந்த வீதிக் கார் 1954 பெப்ரவரியில் நியூயோர்க்கிற் காட்சிக்கு வந்தது. பெற்றோலை எஞ்சினின் உருளைகளுக்குள் நேரே பீச்சும் முறையும் அதிற் கையாளப்பட்டது.

ஜாகுவாரின் தாயகமும் பந்தயக் களமே. அதன் டி-டைப் கார்கள் 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளும் லெ மானில் வென்றன. முதல் வெற்றி துயரம் தோய்ந்தது. அன்று மெர்சிடிஸ் பந்தயக் கார் ஒன்று விபத்துற்றுச் சிதறிப் பார்வையாளர்மேற் பாய, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேகத்தின் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தலாகாது.

விமானத் தொழிலிற் பயின்ற மல்கம் சேயர், காற்றின் தடையைக் கணிதத்தால் அளந்து டி-டைப்பின் உருவை வரைந்தவர். அவரே வரைந்த ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் வெளிவந்தது. அதன் நீண்ட முகப்பும் வளைவுகளும் கணக்கின் விளைவுகள். நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக்குகள் இருந்தன. திறந்த காரின் விலை இங்கிலாந்தில் வரியுடன் ஏறத்தாழ 2,100 பவுண். அத்தகைய வேகத்துக்கு அது மலிவே.

சிறகுக் கதவுடைய மெர்சிடிஸ் 1957 வரை 1,400 மாத்திரமே செய்யப்பட்டது. ஈ-டைப்போ எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டது. அருமை நோக்கி விலை மதிப்போர்க்கு முன்னதே மேலானது. பந்தயக் களத்துப் பேற்றைப் பலர் கையில் சேர்த்தமையை மதிப்போர்க்குப் பின்னதே மேலானது. நான் இரண்டாவது கட்சியையே சார்வேன்.

இரண்டிலும் குறைகள் உண்டு. மெர்சிடிஸின் யன்னற் கண்ணாடிகள் கீழிறங்கா. உள்ளே வெப்பம் மிகும். வளைவுகளில் அதன் பின்னச்சு சாரதியை ஏமாற்றும். ஈ-டைப்பின் உடல் துருவுக்கு எளிதில் இரையாகும்; முற்காலக் கார்களின் முதற் கியர் முரண்டும். இன்று சேகரிப்போர் சிலர் இக்குறைகளை நீக்கிப் புத்துறுப்புகளைப் பொருத்துகின்றனர். பழைய ஓலைச்சுவடியின் வரிகளை நம் விருப்பம்போல் திருத்துவதற்கு இது ஒப்பாகும். அழகை ஈன்ற தேவையே குறையையும் ஈன்றது. ஓட்டுதற்கு ஆபத்தானவற்றைச் சீர்செய்க. எனினும் கழற்றிய உறுப்பை எறிந்துவிடாது காரோடு பேணுக. பின்வருவோர் உண்மையைக் கற்பதற்கு அதுவே சான்றாகும்.