போருக்கு அஞ்சித் திருப்பதி வந்த ஏடுகள்

வேங்கடத்தின் அடிவாரத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், நம்மில் பலருக்கு முன்னரே இவ்வூரில் அடைக்கலம் புகுந்த ஏடுகளைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் திருப்பதிக்கு மாற்றப்பட்டது. மெக்கன்சி, லெய்டன், பிரவுன் ஆகியோர் தேடித் தொகுத்த சுவடிகள் அதில் இருந்தன. சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. கடலினின்று விலகியும் இருந்தது.

ஏடுகளை இடம்பெயர வைத்த ஜப்பானியப் படை எத்தகையது? அதன் துப்பாக்கி வியப்புக்குரியதன்று. அரிசாகா எனப்படும் 38-ஆம் வகை, 1905-ஆம் ஆண்டினது, 6.5 மில்லிமீட்டர் குழல். நான்கடிக்கு மேல் நீளம். கொள்வது ஐந்தே தோட்டா. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டும். 1939-இல் 7.7 மில்லிமீட்டரில் 99-ஆம் வகை வந்த பின்னரும் பழையது படையை விட்டு நீங்கவில்லை. ஒருவனே சுமக்கத்தக்க 50 மில்லிமீட்டர் குண்டெறி குழல்தான் காட்டுப் போருக்குப் பெரிதும் உதவியது.

கருவியினும் பெரிது பழக்கம். 1904-05-இல் ரஷ்யரோடு பொருத படை அது. 1937 முதல் சீனத்தில் ஓயாது போரிட்டது. 1939-இல் மங்கோலிய எல்லையில், கால்கின் கோல் ஆற்றருகே, சோவியத் டாங்கிகள் அதனை நொறுக்கின. அப்பாடத்தை அது செவ்வனே கற்கவில்லை என்பதே நம் கருத்து. ஆயினும், மலாயாவில் பிரிட்டிஷாரிடம் எதிர்நிறுத்த டாங்கிகள் இல்லை. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கிய படை, நம்மவர் பால்வெட்டிய ரப்பர்த் தோட்டங்களினூடே மிதிவண்டிகளில் விரைந்தது. டயர் வெடித்தால் வெறும் வளையத்தின் மேலேயே ஓட்டினராம். இரவில் அவ்வோசையை டாங்கி என மயங்கினோரும் உண்டு என்பர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-இல் ரங்கூன். பர்மாவிலிருந்து நம் மக்கள் கால்நடையாகவே தாயகம் திரும்பலாயினர்.

ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அம்மாதமே சென்னை வெறிச்சோடியது. எதிர்பார்த்த படையிறக்கம் நிகழவேயில்லை. வீண் பீதி என்று பின்னாளில் நகைத்தோர் உளர், நாம் நகைக்கமாட்டோம். வேறு படி இல்லாத ஓலைக்கு ஒரு தீப்பொறி போதும். போர் ஓய்ந்தபின் ஏடுகள் மீண்டும் சென்னை சேர்ந்து, பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் இடம்பெற்றன. அந்நூலகச் சுவடிகளிலிருந்து பின்னர் பல நூல்கள் அச்சேறின.