கரையூர்க் கூத்தும் கடல் வாழ்வும்

1895இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் மஸ்கான்யியின் 'சில்வானோ' ஓபரா மேடையேறியது. நாயகன் கள்ளக்கடத்தலில் இறங்கிய மீனவன். ஏழைகளின் வாழ்வை உள்ளபடி காட்ட முனைந்த 'வெரிஸ்மோ' வகையைச் சேர்ந்த அந்த ஆக்கத்தை இன்று நினைப்பவர் மிகச் சிலர். அங்கே மீனவனாகப் பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள். யாழ்ப்பாணத்தின் குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கத்தோலிக்கக் கரையூர்களிலோ வலை இழுத்தவர்களே விடிய விடிய அரசராகவும் வேதசாட்சியாகவும் ஆடிப் பாடினார்கள். கடல் வாழ்வின் உண்மை இந்தக் கூத்துகளில்தான் ஆழமாக ஊறியிருக்கிறது என்பேன்.

இக்கூத்துகள் சொல்லும் ரோமாபுரிக் கதைகளில் கடல் எங்கே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். இக்கூத்துகளில் ஒன்றான எஸ்தாக்கியார் நாடகத்துக்கு அடிப்படையான புனிதர் கதையைப் பாருங்கள். எல்லாம் இழந்து குடும்பத்தோடு கப்பலேறும் படைத்தலைவனிடம் கூலி கொடுக்கப் பணமில்லை. கப்பல்காரன் அவன் மனைவியைப் பறித்துக்கொள்கிறான். புனிதர் சரிதம் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆனாலும் கடலுக்குப் போனவர் திரும்பும்வரை வயிற்றில் நெருப்போடு காத்திருந்த வீடுகளுக்கு, சிதறிய குடும்பம் மறுபடி கூடும் அக்கதை அந்நியமாக இருந்திருக்க முடியாது. பாடும் முறையும் கவனிக்கத் தக்கது. கரைவலை இழுக்கையில் ஒருவர் அம்பா என்னும் தொழிற்பாட்டை எடுத்துக்கொடுக்க, கயிறு பிடித்தவர்கள் ஒரே மூச்சில் வாங்கிப் பாடுவார்கள்; கூத்தில் ஆட்டக்காரர் பாடும் அடியை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வாங்குகிறார்கள். இப்படி வாங்கிப் பாடுவது உலகெங்கும் உண்டே, இது சான்றாகுமா என்றால், தனியே நின்றால் ஆகாது. ஆனால் இங்கே கடற்கரையிலும் மேடையிலும் பாடியவர்கள் ஒரே ஊரவர்கள், ஒரே தொழிலாளர்கள்.