தூய நிலைக்கு மீளல் – கணனி வரலாற்றில் ஒரு நோக்கு

கணனியொன்றின் பணிசெயல் முறைமை பழுதுறும்போது, வன்தட்டினை முற்றாக அழித்து முறைமையை மீள நிறுவிவிட்டால் எல்லாம் புதிதாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை எதன்மீது தங்கியுள்ளது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அழிக்கவும் நிறுவவும் கட்டளையிடும் ஏதோவொன்று பழுதுறாது முன்னரே இருத்தல் வேண்டும். அது காலந்தோறும் எங்கே இருந்தது என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

1949 மே மாதத்திற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணனியிற் பணிசெயல் முறைமை எனத் தனியே எதுவும் இருக்கவில்லை. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்களாலானது. மின்னோட்டம் நின்றால் அதிலுள்ளவை அனைத்தும் மறைந்துவிடும். டேவிட் வீலர் ஆக்கிய 31 தொடக்கக் கட்டளைகளோ, தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட சுழல் ஆளிகளிற் கம்பிகளாற் பிணைக்கப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்திற் சென்றமர்ந்து, துளையிட்ட கடதாசி நாடாவிலிருந்து செய்நிரலை உள்வாங்கும். செய்நிரல் எத்துணைப் பிழையுடையதாயினும் அக்கம்பிகளைத் தீண்ட இயலாது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணனியிலும் இப்பாதுகாப்புத் தொடர்ந்தது. தொடக்கச் செய்நிரல், வாசிக்க மட்டுமே இயலும் நினைவகச் சில்லில் இருந்தது. டொஸ் முறைமை நெகிழ்தட்டில் வந்தது. தட்டின் ஓரத்து வெட்டினைச் சிறு ஒட்டுத்தாளொன்றால் மூடிவிட்டால் அதில் எதுவும் எழுதப்படாது.

பின்னர் வசதி கருதி அச்சில்லும் மீள எழுதத்தக்கதாக்கப்பட்டது. 1998இல் தோன்றிய சீ.ஐ.எச். நச்சுநிரல் இம்மாற்றத்தையே பயன்படுத்திக்கொண்டது. 1999 ஏப்பிரல் 26ஆந் திகதி அது செயற்பட்டபோது, வன்தட்டின் முற்பகுதியை அழித்ததோடு, சிலவகைக் கணனிகளில் தொடக்கச் செய்நிரலையும் சிதைத்தது. அக்கணனிகளுக்கு மூலத்தட்டுக் கையிலிருந்தும் பயனில்லை. தட்டினை வாசிக்குமாறு பணிப்பதற்கே உள்ளே எதுவும் எஞ்சவில்லை. பின்னாளில் உற்பத்தியாளர் பலர் மீட்புப் பிரதியை அதே வன்தட்டின் ஒரு பிரிவில் வைத்து விற்கலாயினர். மாற்றுத் திறப்பைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைத்தது போன்றது இது என்பது என் கருத்து.

ஆயின், இவற்றினும் ஆழமான ஐயம் 1984இலேயே எழுப்பப்பட்டுவிட்டது. யுனிக்ஸ் முறைமையை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், அவ்வாண்டு வெளியான தமது டியூரிங் விருது உரையில், மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பானை எடுத்துக்கொண்டார். பயனரை உள்நுழைய விடும் செய்நிரலை மாற்றும்போது இரகசிய வாயிலொன்றையும், புதிய தொகுப்பானை மாற்றும்போது அதே சூழ்ச்சியையும் தானாகவே புகுத்துமாறு ஒரு தொகுப்பானை அமைக்கலாம் எனக் காட்டினார். மூலநிரலை வரிவரியாக வாசிப்பினும் குற்றம் தென்படாது. அனைத்தையும் அழித்து மீள ஆக்கினும் அது மீண்டும் பிறக்கும். எட்சாக் வீலரின் பெயரையே கொண்ட வேறொருவரான டேவிட் ஏ. வீலர், 2009இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில், மாற்றுத் தொகுப்பானொன்றைக் கொண்டு ஒப்புநோக்கி இதனைக் கண்டறியும் முறையை விரிவாக நிறுவினார். அம்முறையிலும், இரண்டாவது தொகுப்பான் அதே சூழ்ச்சிக்கு உட்படாதது என்று கொள்ளவே வேண்டியுள்ளது.