மீண்டு வரும் கலம்: சோயுஸ் விண்கலத்தின் வரலாறு

தொலைதூரப் பயணம் மேற்கொள்வோர்க்குச் சென்று சேர்வதைக் காட்டிலும் திரும்பி வருவதே பெருங்கவலை. பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனை நன்கு அறிவர். மனிதனை விண்வெளிக்கு அனுப்ப முற்பட்ட பொறியியலாளரும் இக்கவலையைச் சுமந்தே பணியைத் தொடங்கினர். மேலே செலுத்துவது ராக்கெட்டின் கடமை. உயிருடன் மீட்டுக் கொணர்வது கலத்தின் கடமை. இக்கடமையைச் சோவியத் நாட்டின் சோயுஸ் விண்கலம் எத்தகைய விலை கொடுத்துக் கற்றது என்பதை இங்கே காண்போம்.

1961 ஏப்ரல் 12-ஆம் நாள் யூரி ககாரின் உலகை ஒருமுறை வலம் வந்த வோஸ்டாக் கலத்தில், அவர் அமர்ந்திருந்த பகுதி ஏறத்தாழ 2.3 மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் அடியிலுள்ள கனம் அதனை நிமிர்த்தி விடுகிறதன்றோ? அதுபோலவே, இவ்வுருண்டையும் காற்று மண்டலத்தில் நுழைகையில் தன் கனமான பக்கத்தைத் தானே முன்னால் திருப்பிக்கொள்ளும். ஆயினும் அது எறிந்த கல்லைப் போலவே விழுந்தது. வீரரின் உடல் தன் எடையைப் போல் எட்டு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. தரையில் மோதும் வேகமும் மிகுதி. ஆதலால் ககாரின் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்திலேயே இருக்கையுடன் வெளியே எறியப்பட்டுத் தனிப் பாரசூட்டில் இறங்கினார்.

1964-இல் அதே அளவுள்ள உருண்டையில் மூவரை அமர்த்தி வோஸ்கோட் கலத்தை அனுப்பினர். இடம் போதாமையால் அழுத்த உடையும் இல்லை; வெளியே எறியும் இருக்கையும் இல்லை. அம்மூவரும் நலமே திரும்பினர். ஆனால் உடையின்றிச் செல்லலாம் என்ற துணிவும் அன்றே வேரூன்றியது.

செர்கேய் கொரோலெவ் தலைமையில் இயங்கிய வடிவமைப்பு நிலையம் சோயுஸை வேறு முறையில் திட்டமிட்டது. வெப்பக் கவசம் மிகக் கனமானது. திரும்பி வரவேண்டிய பகுதிக்கு மட்டும் அதனை அணிவித்தால் போதும் என்பதே அவர்கள் கண்ட வழி. எனவே கலம் மூன்று பகுதிகளாயிற்று. முன்னே வசிப்பதற்கும் ஆய்வு செய்வதற்கும் உரிய உருண்டை அறை. நடுவே வீரர் திரும்பி வரும் மணி வடிவ அறை. பின்னே இயந்திரமும் எரிபொருளும் உள்ள பகுதி. திரும்பும்போது நடு அறை மட்டுமே தரையை அடையும்; ஏனைய இரண்டும் கைவிடப்படும். மணி வடிவத்தின் எடை மையம் சற்றே ஒருபுறம் ஒதுங்கி இருப்பதால், காற்று அதனை ஓரளவு தாங்கி நிற்கும். அழுத்தமும் நான்கு மடங்கு அளவில் அடங்கும். தரைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கையில் சிறு ராக்கெட்டுகள் வெடித்து மோதலைத் தணிக்கும்.

கொரோலெவ் 1966 ஜனவரியில் மறைந்தார். ஆளில்லாச் சோதனைகள் குறையின்றி முடியாதிருந்தும், 1967 ஏப்ரலில் விளாதிமிர் கொமரோவ் முதல் சோயுஸில் ஏறினார். சூரிய ஒளித் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. பயணத்தைச் சுருக்கித் திரும்புகையில் பெரிய பாரசூட் தன் அறையிலிருந்து வெளிவரவில்லை; மாற்றுப் பாரசூட்டும் சிக்கிக்கொண்டது. கொமரோவ் உயிர் துறந்தார். அதன்பின் பாரசூட் அறை திருத்தப்பட்டது. ஆளில்லாச் சோதனைகள் மீண்டும் நடந்தன.

1971 ஜூனில் டொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் ஆகிய மூவர் சல்யூட் நிலையத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கித் திரும்பினர். பகுதிகள் பிரிந்தபோது எழுந்த அதிர்ச்சியில், தரைக்கு அருகில் மட்டுமே திறக்க வேண்டிய ஒரு வால்வு வான்வெளியிலேயே திறந்துகொண்டது. அறையின் காற்று வெளியேறிற்று. அழுத்த உடை அணிய இடமில்லாதவாறு மூவர் நெருங்கி அமர்ந்திருந்தனர். கலம் மட்டும் ஒழுங்காகத் தரையிறங்கியது; கதவைத் திறந்தோர் உயிரற்ற உடல்களையே கண்டனர். அதற்குப் பின் இருவரே சென்றனர். இருவரும் அழுத்த உடை அணிந்தனர். மூன்றாம் இருக்கை, உடையணிந்தவர்க்கு இடமளிக்குமாறு கலம் திருத்தப்பட்ட பின்னரே, 1980-இல் மீண்டது.

1983 செப்டம்பர் 26-ஆம் நாள் பைக்கனூரில் விளாதிமிர் டிடோவும் கென்னடி ஸ்ட்ரெகலோவும் அமர்ந்திருந்த கலத்தின் அடியில் ராக்கெட் தீப்பற்றியது. உச்சியில் பொருத்தியிருந்த தப்பிக்கும் கோபுரம் எரிந்து, அவர்களைக் கலத்தோடு பிடுங்கி எறிந்தது. சில விநாடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது. இருவரும் சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் உயிருடன் இறங்கினர்.

அந்த ஸ்ட்ரெகலோவே அடுத்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அதே வகைக் கலத்தில் மீண்டும் அமர்ந்தார். அவருடன் சென்றோர் யூரி மாலிஷெவும், விண்வெளி சென்ற முதல் இந்தியரான ராகேஷ் சர்மாவும் ஆவர். ஏறத்தாழ எட்டு நாட்களுக்குப் பின் நம் வீரர் நலமே மண்ணில் இறங்கினார். அவர் அணிந்த உடையும், அவரை இறக்கிய பாரசூட்டும் முன் சென்றோர் உயிர்களால் திருத்தப்பட்டவை.

2023 அக்டோபர் 21-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் நம் நாட்டு ககன்யான் திட்டத்தின் பெருஞ்சோதனை ஒன்று நடைபெற்றது. வீரர் எவரும் இல்லாத அக்கலத்தைத் தப்பிக்கும் கருவி ராக்கெட்டிலிருந்து பிரித்தெடுத்தது. பாரசூட்டுகள் வங்கக் கடலில் இறக்கின. வானில் ஏறும் வழிக்கு முன்பே மீளும் வழியைச் சோதித்தறிவது அச்சத்தின் அடையாளம் அன்று. அனுப்புவோர் செல்வோர்க்குச் செய்ய வேண்டிய முதற்கடமை அது.